செம்பவாங் குடும்பம்: அப்பாயி புடவை

ப்ரியா: எல்லாருக்கும் வணக்கம். நாங்க எடுக்கற தொலைக்காட்சித் தொடர் 1965ல நம்ம சிங்கப்பூர் நேவல் பேஸ்ல நடக்குது. அப்பாயி காலத்து அன்றாடப் புடவை யார்கிட்டயாவது இருக்கா? வீட்டு வேலை, மார்க்கெட் காட்சிக்கு. பட்டு வேண்டாம். சனிக்கிழமைக்குள்ள வேணும்.

சின்னத்தை: என் கல்யாணப் பட்டு இருக்கும்மா

ப்ரியா: அத்தை, உங்க கல்யாணம் 82ல

சின்னத்தை: பழசுதானே

பெரியத்தை: ப்ரியா, முதல்ல ரவிக்கையப் பாரு. இப்பல்லாம் பழைய காலம்னு சொல்லி முந்தானைய மடிப்பு மடிப்பா எடுத்துப் பின் குத்தி விடறாங்க. எங்கம்மா வீட்டுல அப்படி நின்னதே இல்ல. முந்தானை தோள்ல சும்மா விழும், வேலைன்னா இழுத்து இடுப்புல சொருகிக்குவாங்க. ரவிக்கை டூ பை டூ துணி, ஹூக் முன்பக்கம், கை உடம்போட ஒட்டி. முதுகுல கயிறு குஞ்சமெல்லாம் வைக்காத. வீட்டுக்கு மெல்லிசான வாயில் புடவை, தேக்கா மார்க்கெட் போனா நைலக்ஸ். ஃபால்ஸும் தைக்காத, அம்மா புடவை எதுலயும் இல்ல.

குமார் சித்தப்பா: டெரிலின் சட்டை!! அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டும்

குமார் சித்தப்பா: நீள முடி வச்ச ஆம்பளைங்கள ஆபீஸ்ல கடைசியாத்தான் கவனிப்பாங்க. அதையும் காட்டு

ப்ரியா: அது 70கள் சித்தப்பா

அருண்: பேசாம எல்லாருக்கும் மலாய்க்காரங்க போடற கெபாயா சட்டை போட்டு விடு லா

ப்ரியா: பக்கத்து வீட்டு நோன்யா (பெரனாக்கன் சீன) அம்மாவுக்கு உண்டு. கெபாயா தைக்க ஆள் இருக்காங்க, 2024ல யுனெஸ்கோ பட்டியல்லயும் ஏறிடுச்சு. நம்ம அப்பாயிங்க தினமும் கட்டின புடவையத்தான் யாருமே எடுத்து வைக்கல. கிழிஞ்சா கரித்துணி. அதான் இப்படி அலையறேன்.

பெரியத்தை: அம்மாவோட வாயில் ஒண்ணு இருந்துச்சே. கொடியடில நின்னு எடுத்த போட்டோல கட்டியிருப்பாங்க. பச்சை.

குமார் சித்தப்பா: அக்கா, அது அரக்கு

பெரியத்தை: கறுப்பு வெள்ளைப் படத்துல உனக்கு எப்படித் தெரியும்

குமார் சித்தப்பா: அந்தப் புடவை யார் பீரோல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், கேட்டா நிறம் தெரிஞ்சிடும்

சின்னத்தை: அண்ணே மறுபடி ஆரம்பிக்காதீங்க. அம்மா அவங்க கையால குடுத்தது

பெரியத்தை: கருமாதி முடிஞ்சு எப்படிக் கையால குடுப்பாங்க

அருண்: அம்மா ப்ளீஸ்

ப்ரியா: சின்னத்தை, ஒரு வாரம் போதும். வெட்ட மாட்டோம், சாயம் போட மாட்டோம். புதுசா வாங்கற வெள்ளைத் துணியத்தான் டீத்தண்ணில முக்கி மங்க வைப்போம், பளிச் வெள்ளை கேமராவுல கண்ணைக் கூசும். அப்பாயிது ஏற்கெனவே துவைச்சுத் துவைச்சு நைஞ்சிருக்கும். அந்த நைவு எங்களால செய்ய முடியாது அத்தை.

குமார் சித்தப்பா: எந்த டீ? பால் போட்டா?

சின்னத்தை: ஞாயித்துக்கிழமை வா. பாத்துட்டு சொல்றேன்

ப்ரியா: சனி அத்தை

சின்னத்தை: சனி எனக்குக் கோயில்

பெரியத்தை: ஞாயிறு நானும் வரேன். நிறத்த நான் பாக்கணும்

அருண்: சித்தி, அப்ப பிரியாணியா?