ஆரம்பக் கூட்டத்தில் சண்டை வராமல் பேச என்ன செய்யலாம்?

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். நாங்கள் மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்துப் பக்கம் வயல் செய்கிறோம். சிறுபோக (மழை குறைந்த காலத்து நெற்செய்கை) ஆரம்பக் கூட்டம் வரப்போகிறது. தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். வாய்க்கால் தலைப்பில் காணி உள்ளவருக்கும் கடைசியில் உள்ளவருக்கும் ஒத்துவராது, சரி. ஆனால் போன முறை ஒருவர் மற்றவரின் குடும்பத்தையே இழுத்துப் பேசினார். வயல்வெளியையும் தண்ணீர்ப் பங்கீட்டையும் கவனிக்கும் வயதான வட்டவிதானை ஒருவர் வாய் திறக்காமலே எழும்பிப் போய்விட்டார். எந்தக் கட்டு எங்கே உடையும் என்று அவருக்குத்தான் தெரியும்! மனம் ஆறவேயில்லை.

நவகிரி, உறுகாமம், அம்பாறைப் பக்கம் கூட்டம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்: ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று வைப்பீர்களா? கோபம் ஏறினால் யார் நிறுத்துவது, அதிகாரியா, கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புத் தலைவரா? அப்புறம், பேசத் தயங்கும் பெரியவர்களை எப்படிப் பேசவைப்பது?