கேம் ஓப்பன் பண்ணவே மனசு வரல, யாராச்சும் ஐடியா சொல்லுங்க

மக்களே ஒரு ஹெல்ப். ஸ்டீம் (பிசி கேம் விக்கிற ஆன்லைன் கடை) சேல்ல வாங்கிப் போட்ட கேம் எல்லாம் லைப்ரரில தொடாம கெடக்குது, நைட்டு வேலை முடிஞ்சு வந்து பிசிய ஆன் பண்ணி லிஸ்ட்ட மேலயும் கீழயும் தள்ளிப் பாத்துட்டு மூடிட்டு, யூடியூப்ல வேற யாரோ ஆடுறத பாத்துக்கிட்டே தூங்கிடறேன். ரெட் டெட் 2ன்னு ஒரு கவ்பாய் கேம், அதுல ஆரம்பத்துல வர்ற பனிமலை சாப்டரே தாண்டல. கேம் மேல தப்பே இல்ல, குதிரை நடக்குற அழகுக்கே காசு குடுக்கலாம், ஆனா கதை முடிய இன்னும் 50 மணி நேரம் இருக்குன்னு நெனச்சாலே டயர்டாயிடுது.

மொபைல்ல ஆடிட்டு இருந்த பிஜிஎம்ஐய (பப்ஜியோட இந்திய வெர்ஷன்) டெலிட் பண்ணிட்டேன். டெய்லி மிஷன், ராயல் பாஸ் (குறிப்பிட்ட நாளுக்குள்ள ஆடி பரிசு சேக்குற பாஸ்)னு ஆசைக்கு ஆடுறனா இல்ல பாஸ் முடியப் போகுதேன்னு ஆடுறனான்னே தெரியல (சின்ன வயசுல ஜிடிஏ வைஸ் சிட்டி கேம்ல மிஷனே பண்ணாம சும்மா பைக் ஓட்டிட்டுத் திரிஞ்சது தான் சொர்க்கம்).

மத்தபடி கிரிக்கெட், சாப்பாடு, ஊர் சுத்தறது எல்லாம் நல்லாதான் போகுது, கேம் மட்டும் தான் இப்படி.

கொஞ்ச மாசம் மொத்தமா விட்டா ஆசை திரும்ப வருமா? இல்ல 2007ல வந்த போர்ட்டல் மாதிரி ரெண்டு மூணு நைட்ல முடியுற குட்டி கேமா ஆடலாமா? ரெண்டு பேர் சேந்து ஆடுற இட் டேக்ஸ் டூ கேம் வாங்கி வீட்டம்மாவ பக்கத்துல உக்கார வைக்கலாம்னும் ஒரு யோசனை, அவங்க கன்ட்ரோலரத் தொட்டதே இல்ல, சமாளிப்பாங்களா? "வயசாயிடுச்சு பாஸ்"னு மட்டும் கமெண்ட் போடாதீங்க ப்ளீஸ். பிசில கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650 தான், அதுல ஓடுறதா சொல்லுங்க.