புதுப்பிப்பு: ரப்பர் தோட்டக் கணக்குத் தாளில் ஆளுக்கொரு பார்வை

குலசேகரம் பக்கத்திலுள்ள எங்கள் குடும்ப ரப்பர் தோட்டத்தின் வரவு செலவுத் திட்டத்தை கூகுள் ஷீட்ஸில் நான்கு பேர் சேர்ந்து எழுதுகிறோம் என்றும், நாகர்கோவிலில் அண்ணன் தேதி வாரியாக வரிசைப்படுத்தினால் மார்த்தாண்டத்தில் அக்காவின் திரையிலும் எல்லாம் புரண்டுவிடுகிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன். அது இப்போது தீர்ந்துவிட்டது.

சிக்கலுக்குக் காரணம், சாதாரண ஃபில்டர் (வடிகட்டி) தாளைத் திறந்திருக்கும் அனைவருக்கும் பொதுவானது. டேட்டா பட்டியில் உள்ள ஃபில்டர் வியூ அப்படியன்று. அதில் வரிசை மாற்றினாலும் மற்றவர்கள் பார்ப்பது மாறாது. "பால்வெட்டுக் கூலி", "ஷீட் விற்பனை" (ரப்பர் ஷீட்), "மழைக்காப்புச் செலவு" என மூன்று பார்வைகளுக்குப் பெயரிட்டுச் சேமித்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு உண்டு. முகவரியின் இறுதியில் எஃப்விஐடி (fvid) என்பதும் ஓர் எண்ணும் வரும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மரங்களில் பிளாஸ்டிக் கட்டும் செலவைப் பேச, மூன்றாம் இணைப்பை மட்டும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் திறந்ததும் அந்த வரிகளே தெரிந்தன.

இரண்டு எச்சரிக்கைகள். பார்வைக்குள் ஒரு தொகையைத் திருத்தினால் மூலத் தாளிலேயே அது மாறிவிடும். அதைவிட முக்கியம், வடிகட்டுவது மறைப்பதாகாது. இணைப்பைப் பெற்றவர் பார்வையை மூடினால் முழுக் கணக்கும் அவர் முன் நிற்கும். ஆகவே வெட்டுத் தொழிலாளர்களுக்கான கூலிக் கணக்கை இம்போர்ட்ரேஞ்ச் (வேறொரு கோப்பிலிருந்து தரவை இழுத்துவரும் சூத்திரம்) மூலம் தனிக் கோப்பாக்கி, பார்க்கும் உரிமை மட்டும் தந்துள்ளேன். திருத்தும் உரிமை தந்தால், அதே சூத்திரத்தைக் கொண்டு மூலத்தின் மற்றப் பகுதிகளையும் அவர்கள் இழுத்துக்கொள்ள முடியும்.