புதுப்பிப்பு: அப்பத்தாவின் மெட்ராஸ் ஐ, காரைக்குடியில் காட்டியாச்சு

கானாடுகாத்தானில் இருக்கும் அப்பத்தாவுக்குக் கண் சிவந்து பீளை தள்ளுகிறது, முன்பதிவு இல்லாமல் எங்கே காட்டலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரைக்குடியில் மெடிக்கலை ஒட்டியே டாக்டர் உட்காரும் கிளினிக்குக்குப் போகச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. சாயங்காலம் போய் டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம், அவ்வளவுதான். கடையிலேயே ஏதாவது சொட்டு மருந்து கேட்டு வாங்கச் சொன்னதை நல்லவேளை செய்யவில்லை. அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண் அழுத்தம் ஏறலாம், சில தொற்றுகள் முற்றிவிடும் என்றார் டாக்டர். இது வைரஸ், ஆன்டிபயாட்டிக் கேட்காது. கண் உலராமலிருக்கச் சொட்டு மருந்து, குளிர்ந்த துணி ஒத்தடம், தனித் துண்டு போதும். கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்க முடியாமை இருந்தால் கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கண் இப்போது தெளிந்துவிட்டது. ஊசி போடவில்லை என்பதுதான் அப்பத்தாவுக்குக் குறை!

எதிர்பாராதது ஒன்று: அங்கே ரத்த அழுத்தம் பார்த்ததில் எகிறியிருந்தது. தொடர்ந்து கவனிக்க வேண்டிய நோய்க்கு இந்த மாதிரி கிளினிக் சரிப்படாது. அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பதிந்தோம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இப்போது மாத்திரை வீட்டுக்கே வருகிறது, செலவில்லை.