பிரித்துக் கட்டிக் கொடுத்த குப்பை ஒரே பெட்டிக்குள் போனது. திருகோணமலைக்காரர்களே, உங்கள் அனுபவம்?

அலைமகள்:
எங்கள் உள்ளூராட்சி சபையின் பெயர் வேண்டாம். நடைமுறை எல்லோருக்கும் தெரியும். உக்குவது ஒரு பையில், உக்காதது இன்னொரு பையில். பிரிக்காவிட்டால் எடுக்க மாட்டோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். யோகட் கப்பைக்கூடக் கழுவி, மதிலில் கவிழ்த்துக் காயவைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித்தான் பையில் போடுவார்.

அன்று அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ட்ராக்டர் பெட்டியில் நின்றவர் இரண்டு பைகளையும் வாங்கினார். மீன் செதிலும் தேங்காய்ப்பூச் சக்கையும் இருந்ததை அவிழ்த்துக் கொட்டினார். மற்றதையும் அவிழ்த்து அதன் மேலேயே கொட்டினார். கப் அடுக்கு சரிந்து மீன் கழுவிய தண்ணீருக்குள் போனது. "அண்ணை, பிரிச்செல்லோ தந்தனான்" என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே, "தங்கச்சி, அங்க எல்லாத்துக்கும் ஒரு கிடங்குதான்" என்றார்.

அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவர் கழுவிக் காயவைத்துக்கொண்டேதான் இருக்கிறார். உங்கள் பக்கத்தில் எப்படி?

கோட்டைவாசல்:
குப்பையை யார் எப்படி அள்ளினால் என்ன, எங்கள் மான்களின் வயிற்றுக்குள் போவதைப் பற்றி யாராவது பேசுங்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள், ஒரு புள்ளிமான் சோறு சுற்றும் பொலித்தீன் லன்ச் சீட்டைச் சப்பிக்கொண்டு நின்றது. குழம்பு காய்ந்த சீட். பாதி உள்ளே போய்விட்டது, மீதி வாயோரம் தொங்குகிறது. நான் கிட்டப்போய் நுனியைப் பிடித்தேன். மான் ஓடவில்லை, பல்லை இறுக்கிக்கொண்டு இழுத்தது. கடைசியில் சீட் கிழிந்து என் கையில் ஒரு துண்டுதான் வந்தது. மற்றதை விழுங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர், "விடுங்க தம்பி, அதுகள் பழகிட்டுது" என்றார். பொலித்தீன் அடைத்துச் செத்த மான்களைப் பற்றி எத்தனை முறை செய்தியில் பார்த்துவிட்டோம். எங்கே பழகியது?

லன்ச் சீட்டைத் தடை செய்தது 2017 செப்டம்பரில். பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய், இடியாப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை எல்லாம் 2023 ஒக்டோபரில் தடைக்குள் வந்தன. சட்டம் கொழும்பில் எழுதப்படுகிறது, சரி. ஆனால் சாப்பாட்டுக் கடைக்கு வருடாவருடம் வியாபார அனுமதிப்பத்திரம் கொடுப்பது உள்ளூராட்சி சபை. அதைப் புதுப்பிக்க வரும்போது சாப்பாடு எதில் சுற்றுகிறீர்கள் என்று கேட்டால் போதாதா? வாழையிலைக்கா இங்கே பஞ்சம்?

பழைய மேற்பார்வையாளர்:
அலைமகள், உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தத் தொழிலாளி பொய் சொல்லவில்லை. நான் வேறு மாவட்டத்தில் ஒரு சபையில் இந்த வேலை பார்த்தவன். ட்ராக்டருக்கு ஒரு பெட்டிதான், நடுவில் தடுப்பு இல்லை. உக்கும் குப்பைக்கு ஒரு நாள், உக்காததற்கு இன்னொரு நாள் என்று பிரித்தால்தான் பிரித்தது பிரித்தபடி போகும். ஒரே நாளில் இரண்டையும் வாங்கினால் கலக்காமல் என்ன செய்யும்?

நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. அது தனியாக வந்தால் பசளையாகும். பொலித்தீனோடு வந்தால் குவியலைப் புரட்டவும் முடியாது, சலித்தாலும் துண்டு துண்டாக மிஞ்சும், அந்தப் பசளையை எந்தத் தோட்டக்காரனும் வாங்க மாட்டான். பிறகு கிடங்குதான். கிடங்கு நிரம்பி மலையானால் என்ன நடக்கும் என்பதை 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, வருடப்பிறப்பு அன்று, கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லையில் குப்பைமலை வீடுகள் மேல் சரிந்தபோது பார்த்தோம்.

எனக்கு மறக்காதது ஒரு பை. கறுப்புப் பை, சாதாரணமாகக் கட்டியிருந்தது. எங்கள் தொழிலாளி ஒருவர் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தபடி பெட்டியில் ஏறினார். உள்ளே உடைந்த கண்ணாடி. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்துவிட்டது. அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் என்னிடம், "யாருடைய வீடு ஐயா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

கோட்டைவாசல், சபை எல்லாவற்றையும் பிடிக்கலாம் என்று எழுதுகிறீர்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே தேர்தல் வரைக்கும் தெரிவான உறுப்பினரே இல்லை. அதிகாரிகள்தான் ஓட்டினார்கள். அனுமதிப்பத்திரத்தை நிறுத்தினால் யார் தலையில் விடியும்?

கோட்டைவாசல்:
ஐயா, அந்தக் கையைப் பற்றி நீங்கள் எழுதியது மனதை உலுக்கிவிட்டது. ஆனாலும் மானுக்குத் தேர்தல் தெரியாது. இப்போது உறுப்பினர்கள் வந்துவிட்டார்களே, இனி என்ன சாட்டு?

நிலாவெளி வாசி:
ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மாமாவின் விருந்தினர் விடுதியில் நான் கணக்கு எழுதிய காலம். உள்ளூராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு உத்தியோகத்தர் பரிசோதனைக்கு வந்தார். மேசையில் வைத்த இளநீரைத் தொடவில்லை. குசினிக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டு, அதன் வழியே பின்பக்கம் நடந்தார். குழாய் முடியும் இடத்தில் குந்தி, ஒரு பிடி மணலை அள்ளினார். கறுப்பு மணல், எண்ணெய்ப் பிசுக்கு. அதை மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாருங்க. மாரி மழைக்கு இது எங்க போகும்?" என்றார்.

எங்களுக்கு நேர் எதிரே புறாத்தீவு. 2003இலிருந்து தேசிய பூங்கா. அதன் பவளப்பாறையைப் பார்க்கத்தான் எங்கள் விடுதிக்கே ஆள் வருகிறது. கழிவுநீர் சேரச்சேரப் பாசி வளர்ந்து பவளத்தை மூடிவிடும். மாமா சண்டைக்காரர், ஆனால் அன்று வாய் திறக்கவில்லை. எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி கட்டினார். தண்டப்பணம் எழுதியிருந்தால் கட்டிவிட்டுத் திட்டியிருப்பார், அவ்வளவுதான். அந்த மணல் வாசனைதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

கிண்ணியா நானா:
எங்கட ஊரில் 2017இல் டெங்கு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். உம்மா வளவைக் கூட்டும்போது வேலியோரம் ஒரு யோகட் கப்பைக் கவிழ்த்தா. தரையில் விழுந்த தண்ணீரில் புழுக்கள் துடித்தன. அந்த நேரம் என் மகன் ஆஸ்பத்திரியில். உம்மா கப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றா. மகன் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ்.

தங்கச்சி அலைமகள், அம்மா செய்வது வீண் இல்லை. சபையை எப்படி அசைப்பது என்று சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள்.

முதலில், தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம். சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். பசளைக்கு எவ்வளவு போகிறது, கிடங்குக்கு எவ்வளவு போகிறது, உக்காதது யாருக்கு விற்கப்படுகிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகப் பதில் வரும். 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

பிரதேச சபை என்றால் சுற்றாடலுக்கும் வசதிகளுக்கும் ஒரு குழு சட்டப்படி இருக்கிறது. உறுப்பினர் அல்லாத ஊர்க்காரரையும் அதில் சேர்க்கலாம். சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சபைக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போய் இருந்து பார்க்கலாம். நாலு பேர் போய்ப் பேசாமல் இருந்தாலே பேச்சு மாறும், நான் கண்டிருக்கிறேன். அடுத்த வருடப் பாதீடு இந்த வருடம் முடிவதற்குள் போய்விடும். ஜனவரியில் போய்ப் பெட்டிக்குத் தடுப்பு கேட்டால் காசில்லை என்பார்கள். ஐப்பசிக்கு முன்னரே கேட்க வேண்டும், வாய்க்கால் துப்பரவும் அப்படித்தான்.

சின்னத் தொழில் பலவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தை சபைதான் கொடுக்கிறது. கராஜ் எண்ணெய் உங்கள் கிணற்றடிக்கு வந்தால் நேரே அங்கே முறையிடுங்கள். அப்புறம், வளவில் இடமிருந்தால் சமையலறைக் கழிவுக்குக் குழி வெட்டுங்கள். காய்ந்த சருகும் ஈரக் கழிவும் மாறி மாறிப் போடுங்கள், மீனை ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் நாய் கிண்டும்.

அலைமகள்:
நானா, எங்களுக்கு வளவே இல்லை, சீமெந்து முற்றம்தான். நான் ஆலோசனை கேட்கவும் இல்லை, அனுபவம்தான் கேட்டேன். ஆனால் மகனின் செய்தியை வாசித்துக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தகவல் விண்ணப்பத்தைப் போடத்தான் போகிறேன். பழைய மேற்பார்வையாளர் ஐயா சொன்னதுபோல் நாளைப் பிரிக்க ஏன் முடியவில்லை என்பதையும் அதில் கேட்பேன்.

இங்கே யாராவது ஏற்கெனவே அப்படி எழுதிப் போட்டிருந்தால், எந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். ஆலோசனை வேண்டாம், வந்த பதில் மட்டும் போதும்.