சி-124: டச்சிகவாவில் கொன்றது எஞ்சினா, ஃபிளாப்பா?

வால்காற்று: அமெரிக்க விமானப்படையின் பழைய நான்கு எஞ்சின் சரக்கு விமானத்தைப் பற்றி, "சி-124 குளோப்மாஸ்டர் ஒரு பறக்கும் சவப்பெட்டி. ஒரு எஞ்சின் நின்றதும் 129 பேர் போய்விட்டார்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1953 ஜூன் 18, ஜப்பானின் டச்சிகவா. விடுப்பு முடிந்து கொரியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்க வீரர்கள். ஒரு எஞ்சின் நின்றது உண்மை. மீதி மூன்றும் இருந்தனவே! தளத்துக்குத் திரும்பும்போது ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புப் பலகையை, இறக்கினார்கள், வேகம் விழுந்தது, விமானம் தர்பூசணி வயலில் போய் விழுந்தது. கொன்றது ஃபிளாப்.

கரும்புகை: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். எஞ்சின் ஓடியிருந்தால் ஏன் திரும்புகிறார்கள், ஏன் ஃபிளாப்பை இறக்குகிறார்கள்? கொன்றது எஞ்சின்.

வால்காற்று: அந்த எடையில், அந்த உயரத்தில் வேகம்தான் உயிர். விசாரணையும் ஃபிளாப்பைத்தான் சொன்னது. முதலில் அதைப் படியுங்கள்.

கரும்புகை: படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். சி-124-இல் இருக்கும் வாஸ்ப் மேஜர் எஞ்சினில் 28 சிலிண்டர், நான்கு வரிசை. சிலிண்டருக்கு 2 ஸ்பார்க் பிளக். ஒரு எஞ்சினுக்கு 56, விமானத்துக்கு 224. அத்தனையையும் கழற்றி மாட்டுபவன் கையைப் பார்த்தால் இப்படிப் பேசமாட்டீர்கள். ஓட்டியவர்களே விமானத்தை 'ஓல்ட் ஷேக்கி' (ஆட்டம் காணும் கிழம்) என்றுதான் கூப்பிட்டார்கள்.

மேகக்கூட்டம்: டச்சிகவாவுக்கு ஆறு மாதம் முன்னால், 1952 டிசம்பர் 20, அமெரிக்காவின் லார்சன் விமானத் தளத்தில் இன்னொரு சி-124 விழுந்து 87 பேர் இறந்தார்களே? கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனவர்கள். நிற்கும்போது வால் சுக்கான்கள் அசையாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். அதற்கு எந்த எஞ்சின் காரணம்?

வால்காற்று: அப்படிக் கேளுங்கள்! இவருக்கு எல்லாமே எஞ்சின். 440-க்கும் மேல் கட்டினார்கள், 1974 வரை பறந்தது. மூக்கு இரண்டாகப் பிளந்து திறக்கும், சரிவுப்பலகையில் லாரி நேராக உள்ளே ஏறும். இரண்டு தளமாக 200 வீரர்கள். 1956-ல் தென்துருவத்தில் நிலையம் கட்டச் சாமான்களைப் பாராசூட்டில் இறக்கியது இதே விமானம். சவப்பெட்டியா துருவத்துக்குப் போகும்?

கரும்புகை: அழுத்தக் கட்டுப்பாடு இல்லாத அறை. மோசமான வானிலைக்கு மேலே ஏறிப் போக வழியில்லை. அதையும் சொல்லுங்கள்.

வால்காற்று: பேச்சை மாற்றாதீர்கள். ஃபிளாப்புக்குப் பதில் எங்கே?

கரும்புகை: முன்பு சி-133 என்ற இன்னொரு சரக்கு விமானத்தைப் பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்கினீர்கள். அன்றும் கடைசிவரை பதில் வரவில்லை.

வால்காற்று: அன்று தேதியைத் தப்பாகப் போட்டது யார்? மறந்துவிட்டதா?

மேகக்கூட்டம்: இருவரும் லார்சனை விட்டுவிட்டீர்கள்.

வால்காற்று: லார்சன் அப்புறம். மூன்று எஞ்சின் ஓடியது, ஃபிளாப் இறங்கியது, 129 பேர். இதில் எதை மறுக்கிறீர்கள்?

கரும்புகை: நான்காவது ஏன் ஓடவில்லை என்பதைத்தான் முதலிலிருந்து கேட்கிறேன்.