ரிசல்ட் நேரத்தில் பிள்ளைகளோடு பேச ஆட்கள் தேவை: பாம்பன், தங்கச்சிமடம்

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதம் நம்ம கரையில் மீன்பிடித் தடைக்காலமும்கூட. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தொழில் இல்லை. கையில் காசில்லாத வீட்டில் "பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜினியரிங் சேர்ந்துட்டான், நீ?" என்ற கேள்வி பிள்ளையை நொறுக்கிவிடும்.

அதிக மார்க் எடுத்தவர்களை மட்டும் மேடையேற்றினால் மற்ற பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. அதனால் போட் இன்ஜின் மெக்கானிக், நர்ஸ், கடல்பாசி வளர்க்கும் அக்காமார், துணைத்தேர்வு எழுதித் தேறியவர்கள் வேண்டும். சம்பளம், கடன், நஷ்டம் எல்லாம் உள்ளபடி சொல்லுங்கள். பாசி என்றால் 12க்கு 12 அடி மூங்கில் மிதவை, சுமார் 60 கிலோ விதை, 45 நாளில் அறுவடை, தண்ணீர் சூடேறினால் அழுகிப்போகும். இந்த அளவுக்கு விவரம் இருந்தால்தான் பிள்ளை நம்பும்.

"கலாம் மாதிரி வரணும்" என்று எல்லாரும் சொல்கிறோம். விமானப்படைத் தேர்வில் 8 இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து அவர் திரும்பியதையும் சேர்த்துச் சொல்வோமே.

வட்டமாக உட்கார்ந்து பேசுவோம், ஒரு வட்டத்துக்கு 12 பேர் போதும். கேள்விகளைப் பெயரில்லாத துண்டுச்சீட்டில் வாங்குவோம். பெற்றோருக்குத் தனி அறை அவசியம். பக்கத்தில் அப்பா இருந்தால் பிள்ளை தலையை மட்டும்தான் ஆட்டும். மனசு ரொம்ப உடைந்த பிள்ளைக்கு 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) போன் எண்ணைக் கையிலேயே எழுதிக் கொடுப்போம்.

ஒரு ஞாயிறு காலை 2 மணி நேரம் வர முடிந்தவர்கள், என்ன தொழில், எந்த ஊர் என்று கீழே சொல்லுங்கள். பெண்கள் அவசியம் வேண்டும். மண்டபம் ஊர்ப் பக்கம் வாடகையில்லாத இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.